எரியும் விளக்கு ஒன்று நீங்கலாக

வா, திரிகூடம். செருப்பை ஏன் தெருவிலேயே கழற்றுகிறாய்? உள்ளே வந்து கழற்று. கேட்டைத் தாண்டி வர உனக்குத் தடை ஒன்றும் இல்லை. உன் அப்பாவுக்கும் தடை போட்டவன் இல்லை நான். ஒரு சட்ட விளக்கம் சொன்னேன், அவ்வளவுதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

உட்கார். அந்த நாற்காலி வேண்டாம், அது உன் அப்பா உட்காருகிற நாற்காலி, கால் ஆடும். இதில் உட்கார்.

மொட்டை போட்டிருக்கிறாயே, திருச்செந்தூரா? மீசையையும் எடுத்துவிட்டாய் போலிருக்கிறது. வேண்டுதல் என்றால் அப்படித்தான், முழுசாகச் செய்ய வேண்டும். மஸ்கட்டிலிருந்து வந்ததும் முதலில் முருகன், பிறகுதான் மற்றவர்கள். சரிதான்.

"சார், அம்மாவோட வெளக்க வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்கிறாய். தருகிறேன். தர மாட்டேன் என்று யார் சொன்னது? ஆனால் அதென்ன 'சார்'? இந்த மாடிப்படியில் முட்டியைத் தேய்த்துக்கொண்டு இறங்கக் கற்றவன் நீ. 'பெரியப்பா' என்று நீ போடுகிற கூச்சலில் என் வாசிப்பு கெட்டுப்போகும். இப்போது சார். போகட்டும். மரியாதையான சொல்தான்.

இரு, இரு. நீ ஏதோ சொல்ல வாயெடுக்கிறாய். பிறகு சொல். கோர்ட்டில் ஒரு முறை உண்டு, மனுதாரர் தரப்பைத்தான் முதலில் கேட்பார்கள். நான்தானே மனுதாரர். நீ எதிர்மனுதாரரின் மகன். உன் முறை வரும்.

நான் சிரஸ்தாராக இருந்தவன் என்பது உனக்குத் தெரியும். கோர்ட்டில் தலைமை எழுத்தர் என்று இப்போது சொல்கிறார்கள். எனக்குப் பழைய பெயர்தான் பிடிக்கும். பாரசீகச் சொல். சிரசு என்பதோடு அதற்குச் சம்பந்தமே கிடையாது என்று ஒருநாள் உன் அப்பாவிடம் சொன்னேன். "தலைக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லேன்னு நீங்களே ஒத்துக்கிட்டா சரிதான், அண்ணாச்சி" என்றார். அப்படிப்பட்ட மனிதர். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர் ஆதிமூலம். சுவரில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலியைக்கூட நின்று திருத்திவிட்டுத்தான் போவார். நானும் சும்மா விடுகிறவன் இல்லை. சாயங்காலம் ஆனால் இதே இடத்தில் உட்கார்ந்து, ஒரு சொல்லை எடுத்து வைத்துக்கொண்டு, இருட்டுவதுகூடத் தெரியாமல் சண்டை போடுவோம். அப்போதுதான் மேலேயிருந்து உன் அம்மாவின் குரல் வரும்.

"அண்ணாச்சி, வெளக்கு வச்சாச்சு. லைட்டப் போடுங்க."

தினமும். இருட்டில் உட்கார்ந்து பேசினால் வீட்டுக்கு ஆகாதாம். எனக்கு மனைவி போய் வெகுகாலம். விளக்கு வைக்கிற நேரம் என்று ஒன்று இருப்பது எனக்கு அந்தக் குரலால்தான் தெரியும். நான் எழுந்து சுவிட்சைத் தட்டுவேன். உன் அப்பா, "பாத்தீங்களா, கோர்ட்டு உத்தரவு" என்பார்.

குழல்வாய்மொழி. அந்தப் பெயரை யாராவது குழலி, மொழி என்று குறைத்தால் எனக்குப் பொறுக்காது. நான் முழுப் பெயரையும் சொல்லித்தான் கூப்பிடுவேன். மனுவிலும் முழுப் பெயரைத்தான் எழுதினேன், இரண்டாம் எதிர்மனுதாரராக.

அச்சகத்தை மூடினார்கள். அதை உன் அப்பா என்னிடம் சொல்லவில்லை, தெருவில் கேள்விப்பட்டேன். வாடகை நின்றது. அதையும் சொல்லவில்லை. சாயங்காலம் கீழே இறங்கி வருவதும் நின்றது. இதில்தான் விஷயம் இருக்கிறது, திரிகூடம், கவனி. அவர் ஒரு வார்த்தை அவகாசம் கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேன். ஒரு வருஷம் கேட்டாலும் கொடுத்திருப்பேன். ஆனால் கேட்க வேண்டும் அல்லவா? கேட்காத பரிகாரத்தை எந்தக் கோர்ட்டும் தருவதில்லை. நான் கீழே உட்கார்ந்திருக்கிறேன், அவர் மேலே உட்கார்ந்திருக்கிறார். படியில் யாரும் இல்லை.

அதனால் ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன். வீட்டை விட்டுக் கிளப்ப என்றா நினைக்கிறாய்? விளையாட்டாக. நோட்டீசில் வேண்டுமென்றே ஒரு வாக்கியத்தை மொண்ணையாக எழுதச் சொன்னேன். எழுவாய் ஒரு பக்கம், பயனிலை ஒரு பக்கம். அதைப் பார்த்தால் ஆதிமூலத்தால் மேலே இருக்க முடியாது, சிவப்புப் பேனாவோடு இறங்கி வந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன்.

உன் அம்மாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். தபால்காரர் போனதும் படியில் நின்று, "மாடிக்குத் தபாலா அண்ணாச்சி? ஒரு கொரல் குடுத்தா போதாதா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நான், "நோட்டீஸ் இல்லாமல் மனு நிலைக்காது, அம்மா" என்றேன். அவள் மேலே போய்விட்டாள். அன்றைக்கும் விளக்கு வைத்ததும் குரல் வந்தது. "அண்ணாச்சி, லைட்டப் போடுங்க." ஒரு மாற்றமும் இல்லை.

அவர் இறங்கி வரவில்லை. எனவே மனு. கோர்ட்டுச் சம்மனை அவர் வாங்கவில்லை, கதவில் ஒட்டினார்கள். என் வீட்டு மாடிக் கதவில், என் மனுவுக்காக, பசை போட்டு. காய்ந்த பசை இன்னும் இருக்கிறது, மேலே போகும்போது பார். கேஸ் எடுத்த அன்று நான் போயிருந்தேன். டவாலிச் சேவகன் வராந்தாவுக்கு வந்து கூப்பிட்டான். "ஆதிமூலம்! ஆதிமூலம்! ஆதிமூலம்!" மூன்று தரம் கூப்பிடுவது முறை. என் வேலைக்காலம் முழுக்க அந்தக் குரலைக் கேட்டவன்தான் நான், யார் யார் பெயரையோ. அன்றைக்குத்தான் கவனித்தேன், கூப்பிட்ட பிறகு ஒரு சின்ன இடைவெளி விடுவார்கள். ஆள் வருகிறாரா என்று பார்க்க. அந்த இடைவெளியில் வராந்தாவில் ஒரு தும்மல்கூட இல்லை. எங்கே நானே 'இதோ' என்று சொல்லிவிடுவேனோ என்று வாயைப் பொத்திக்கொண்டேன். ஆள் இல்லை என்று எழுதி, மாடியைக் காலி செய்யும்படி ஒருதலைப்பட்சமாக உத்தரவு போட்டார்கள். முறைப்படியான உத்தரவு. ஒரு குறை சொல்ல முடியாது.

பிறகு அந்த உத்தரவை நடத்தித் தரச் சொல்லி நிறைவேற்று மனு. அதெல்லாம் தானாக நடக்கும், திரிகூடம். மாட்டு வண்டி மாதிரி. ஓட்டுகிறவன் தூங்கினாலும் மாட்டுக்கு வழி தெரியும்.

சாரல் தொடங்கியிருந்த சமயம். குற்றாலத்து மலை கண்ணுக்குத் தெரியாமல் மேகம் மூடிக்கொண்டிருந்தது. உன் அம்மாவுக்கு இருமல் இருந்தது எனக்குத் தெரியும், கூரை வழியாகக் கேட்கும். ஆனால் நான் கேட்டுக்கொண்டு மேலே போக முடியுமா? வழக்கு நடக்கும்போது மனுதாரர் எதிர்மனுதாரர் வீட்டுக்குப் போனால் அதற்கு ஆயிரம் அர்த்தம் சொல்வார்கள். ஒரு சாயங்காலம் குரல் வரவில்லை. நான் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். இருமலும் இல்லை, அதனால் குணமாகிவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். உனக்கு அங்கே பாஸ்போர்ட்டை முதலாளி தரவில்லை என்று பேசிக்கொண்டார்கள். நான் படியில் பாதி ஏறி நின்றேன். உன் அப்பா மேலே கதவருகில் நின்றார். என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் சொல் தெரியும். ஊரிலேயே எங்கள் இரண்டு பேருக்குத்தான் அதிகம் தெரியும். ஒன்றும் வரவில்லை. நான் இறங்கிவிட்டேன்.

உயிர் போன இடத்தில் விளக்கேற்றி வைத்தார்கள். பித்தளை விளக்கு, பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர். காரியம் முடிகிற பதினாறாம் நாள் வரைக்கும் அணையக்கூடாது, காரியம் செய்கிறவரைத் தவிர யாரும் தொடக்கூடாது. உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கு நடுவில்தான் உத்தரவோடு கோர்ட் அமீனா வந்தான்.

தேதி முன்னாலேயே குறித்தது. மனுதாரர் நினைத்தால் ஒரு மெமோ போட்டு ஒத்திவைத்திருக்கலாமே என்று நீ நினைப்பாய். நினைக்காதே. அவகாசம் எதிர்மனுதாரர்தான் கேட்க வேண்டும். மேலும், உண்மையைச் சொன்னால், கோர்ட் ஆள் வாசலில் வந்து நின்றாலாவது உன் அப்பா வாயைத் திறப்பார் என்று இருந்தது எனக்கு.

அமீனா மாசானம். என்னிடம் வேலை கற்றவன். குடியிருப்பவரை வெளியேற்றி வீட்டை ஒப்படைக்கிற வேலை எப்படிச் செய்ய வேண்டும் என்று அவனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். "காலி என்று எழுதினால் காலியாக இருக்க வேண்டும். ஒரு விளக்குமாறு கிடந்தாலும் அதைக் குறிப்பிட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும்" என்பேன். அவனும் அப்படியே செய்கிறவன். உன் அப்பா சண்டை போடவில்லை. சாமான்களை அவரே கட்டி வைத்திருந்தார். கூலியாட்கள் இறக்கினார்கள். கட்டில், பெட்டி, புத்தக மூட்டை. கடைசியில் மாசானம் கீழே வந்து நிற்கிறான்.

"அய்யா, ஒரு வெளக்கு எரியுது."

"அதையும் எடுத்து வெளியே வை."

"செத்த வீட்டு வெளக்குய்யா. கூலிக்காரன் ஒருத்தனும் தொட மாட்டேங்கான்."

"நீ எடு."

"எனக்கும் பிள்ளகுட்டி இருக்குய்யா. நீங்க வேணா வந்து எடுங்க. காலின்னு எழுதிட்டுப் போயிருதேன்."

நான் மேலே போனேன். உன் அப்பா விளக்குக்குப் பக்கத்தில் நின்றிருந்தார், சட்டை நனைந்து. நான் எடுக்கவில்லை. மனுதாரர் எதிர்மனுதாரரின் பொருளில் கை வைப்பது முறையில்லை, அதனால்தான். மாசானத்திடம், "இருப்பதை இருக்கிறபடி எழுது" என்றேன். அவன் ஜன்னல் திண்டில் காகிதத்தை வைத்து எழுதினான்: எரியும் விளக்கு ஒன்று நீங்கலாக மற்றபடி காலி, மேற்படி விளக்கு மனுதாரர் பொறுப்பில் விடப்பட்டது. உன் அப்பா அதை எட்டிப் பார்த்தார். பிழை இருக்கிறதா என்று பார்க்கிறார் என நினைத்தேன். அப்புறம் என்னைப் பார்த்து, "பதினாறுக்கு வந்து எடுத்துக்கிடுதேன்" என்றார். அந்த வழக்கு முழுக்க அவர் என்னிடம் பேசியது அது ஒன்றுதான்.

அப்போது நான் அந்த விளக்கத்தைச் சொன்னேன். ஒப்படைப்பு முடிந்த பிறகு உரிமையாளர் அனுமதியில்லாமல் உள்ளே வருவது அத்துமீறல், அது குற்றம் என்று. மிரட்டலாகச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கட்டும் என்று சொன்னேன். 'அனுமதி கேளுங்கள், தருகிறேன்' என்பதுதானே அதன் உட்பொருள்? அவ்வளவு படித்த மனிதருக்கு அது புரியாதா?

பதினாறாம் நாள் வந்தார். காலையிலேயே. கேட்டுக்கு எதிரே சைக்கிள் கடை இருக்கிறது பார், அதன் தாழ்வாரத்தில் நின்றார். சாரல் பெய்துகொண்டிருந்தது. நான் இங்கே, இதே நாற்காலியில். அனுமதியை ஒரு காகிதத்தில் எழுதிக்கூட வைத்திருந்தேன், அவர் வந்து கேட்டதும் கொடுப்பதற்கு. அவர் கேட்டைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஒரு குரல் கொடுத்தால் கேட்கிற தூரம். வெயில் லேசாக வந்து, மறுபடி மூடி, கடைக்காரன் சாப்பிடப் போய்த் திரும்பி வந்தான். பிறகு பார்த்தால் அவர் இல்லை.

அவ்வளவுதான். இதுதான் என் தரப்பு. சிவகாசியில் ஏதோ அச்சகத்தில் இருக்கிறார் என்று கேள்வி. அங்கே காலண்டர் தாளில் பிழை தேடிக்கொண்டிருப்பார். இந்தச் சாரலோடு மூன்று சாரல் ஆகிறது. அவரே வருவார் என்று நினைத்தேன், உன்னை அனுப்பியிருக்கிறார். ஏன், அவருக்கு என்ன? இன்னும் அனுமதிச் சீட்டு வேண்டுமாமா? அந்தக் காகிதம் பத்திரமாக இருக்கிறது என்று போய்ச் சொல்லு. இப்போதும் செல்லும்.

சரி. இப்போது சொல். உன் முறை.

...

எப்போது?

...

அப்படியென்றால் திருச்செந்தூர் இல்லை.

இல்லை, நீ சொன்னது கேட்டது. மறுபடி சொல்ல வேண்டாம். அந்தச் செம்பை இப்படி எடு. தண்ணீர்தான்.

வழக்கில் ஒருவர் இறந்துபோனால் என்ன செய்வார்கள் தெரியுமா? இறந்தவர் மேல் எந்த உத்தரவும் செல்லாது. வாரிசைக் கொண்டுவந்து அந்த இடத்தில் நிறுத்துவார்கள். அவர் பெயர் இருந்த இடத்தில் உன் பெயர். அப்படிப் பார்த்தால், திரிகூடம், இந்த மாடியின் எதிர்மனுதாரர் இப்போது நீதான். ஒப்படைப்பும் முழுசாக முடியவில்லை, ஒரு பொருள் நீங்கலாக என்றுதானே எழுதியிருக்கிறது. ஆகவே நீ அங்கே இருக்கலாம். சட்டம் இடம் கொடுக்கிறது. சாவி இந்தா. இன்றைக்குத் தங்கு. வேண்டுமானால் நாளைக்கும். வாடகையைப் பற்றி நான் பேசப் போவதில்லை.

பஸ் இருக்கிறதா? ராத்திரி பஸ்தானே, நேரம் இருக்கிறது. சரி, விளக்கு மட்டும். வா.

படியைப் பார்த்து ஏறு, பாசி பிடித்திருக்கிறது. நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவேன், நீ முன்னால் போ. கதவில் பசை தெரிகிறதா? சுரண்டவில்லை. கோர்ட் ஒட்டியதைச் சுரண்டக்கூடாது. பூட்டு இறுகும், கொஞ்சம் தூக்கித் திருப்பு.

ஏன் பின்வாங்குகிறாய்?

ஆமாம், எரிகிறது.

யார் ஏற்றியதா? யாரும் ஏற்றவில்லை. உன் அப்பா ஏற்றியதுதான். அணையவில்லை, அவ்வளவுதான்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பிறர் பொருளைப் பொறுப்பில் வைத்திருப்பவன் அதைக் கிடைத்த நிலையிலேயே காக்க வேண்டும். பெட்டி என்றால் பெட்டியாக, மாடு என்றால் மாடாக. எனக்கு எரியும் விளக்காகக் கொடுத்தார்கள். அணைந்த விளக்கைத் திருப்பிக் கொடுத்தால் அது வேறு பொருள். அதனால் காலையும் மாலையும் வந்து எண்ணெய் ஊற்றினேன். திரி கரிந்தால் பழையது அணையும் முன்னால் அதிலிருந்தே புதுத் திரியைப் பற்றவைப்பேன். சாரல் காற்றுக்காக ஜன்னல்களைப் பலகை அடித்து மூடினேன். என் மகள் பெங்களூருக்கு வந்து இரு என்று கூப்பிட்டுப் பார்த்து அலுத்துவிட்டாள். எப்படிப் போவது? கோர்ட் ஒப்படைத்த பொருள். உன் அப்பா வந்து கேட்டால் என்ன சொல்வது?

வெறும் பித்தளை விளக்கைத்தான் எடுக்க வந்தாயா? என்றைக்கோ அணைத்து மூலையில் போட்டிருப்பேன் என்றா உன் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்? கடைசி வரைக்குமா?

ஆதிமூலத்துக்கு என்னைத் தெரியவில்லை. இவ்வளவு வருஷம் பழகி, இவ்வளவு சொல் பேசி.

இன்னொன்று சொல்கிறேன், சிரிக்காதே. நான் பேய் பிசாசு நம்புகிறவன் இல்லை. அந்த விஷயத்தில் உன் அப்பாவும் என் கட்சிதான். ஆனால் இருட்டுகிற நேரத்துக்குக் குரல் வரும். "அண்ணாச்சி, லைட்டப் போடுங்க." தண்ணீர்த் தொட்டி நிறைந்து வழிகிற சத்தம் படிச்சுவரில் மோதி அப்படிக் கேட்கிறது, காரணம் இருக்கிறது. தொட்டி காலியாக இருக்கிற நாளிலும் கேட்டிருக்கிறது, அதற்கும் ஏதாவது காரணம் இருக்கும். கேட்டதும் லைட்டைப் போட்டுவிட்டு மேலே வருவேன். எண்ணெய் ஊற்றும்போது பேசாமல் இருக்க முடியவில்லை என்பதால் அன்றைக்குப் படித்த சொல் ஏதாவது ஒன்றைச் சொல்வேன். மறுப்பு வராது. மறுப்பு வராத பேச்சில் எனக்குப் பழக்கமில்லை, இரண்டே வாக்கியத்தில் முடிந்துபோகும். ஆதிமூலம் திரும்பி வரும் வரைக்கும் இங்கே குடியிருப்பவர் உன் அம்மாதான், எனவே வீடு காலி இல்லை என்று வாடகைக்குக் கேட்டு வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பினேன்.

என்ன செய்கிறாய்?

குளிர வைக்க வேண்டுமா, இப்போதேவா? பயணத்தில் எரியும் விளக்கைக் கொண்டுபோக முடியாதுதான். ஆமாம், நீதான் செய்ய வேண்டும், காரியம் செய்கிறவன் நீ. அப்பாவுக்குச் செய்த அதே கை. நான் தடுக்கவில்லை. எதிர்மனுதாரர் தம் பொருளை எடுத்துக்கொள்கிறார், மனுதாரருக்கு ஆட்சேபணை இல்லை. ஊதாதே. திரியை எண்ணெய்க்குள் மெல்ல இழுத்துவிடு. நிதானமாக.

...

சரி.

புகை கொஞ்சம் இருக்கும். கண்ணைத் துடைத்துக்கொள். நான் துடைத்துக்கொள்ளவில்லை, எனக்கு இந்தப் புகை பழக்கம்.

என்ன? என்ன சொன்னாய் இப்போது? பெரியப்பாவா? ... இறங்கு, இறங்கு, பஸ்ஸை விட்டுவிடப் போகிறாய். விளக்கைத் துணியில் சுற்றிக்கொள், எண்ணெய் சட்டையில் படும். படியில் நான் உன் தோளைப் பிடித்துக்கொள்கிறேன். இன்றைக்குக் கைப்பிடி வழுக்குகிறது.

பார், அமீனா எழுதியது இன்றைக்குத்தான் நிறைவேறியிருக்கிறது. நீங்கலாக எதுவும் இல்லை. முழுசாகக் காலி. மாசானம் இருந்தால் ஒரு வார்த்தையை அடித்துவிட்டுக் கையெழுத்து வாங்கியிருப்பான்.

போய்விட்டு வா. கேட்டைச் சாத்த வேண்டாம், திறந்தே இருக்கட்டும்.

என்ன தடவுகிறாய் சுவரில்? சுவிட்சா? வேண்டாம், திரிகூடம். கையை எடு. இருட்டினால் இருட்டட்டும்.

கொஞ்சம் பேசாமல் நில். இதுதான் நேரம், கூப்பிடுவாள்.